கர்ப்பிணிகளுக்கான ‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஏப்ரன்: துணி பரவாயில்லை, நோட்டீஸ்தான் ஆபத்து

மார்த்தாண்டத்தில் தாய் சேய் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் 2,450 ரூபாய்க்கு வாங்கிய ஏப்ரன் இது. கடைப் பெயரையும் பிராண்டையும் எழுதப்போவதில்லை. இதே பொருள் பத்துப் பெயரில் ஆன்லைனில் கிடக்கிறது, களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கடைகளிலும் தொங்குகிறது, எல்லாம் ஒரே சரக்குதான். பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கும் தங்கச்சிக்கு அம்மை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறவன், அதனால் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த நோட்டீஸை ஒரு வரி விடாமல் படித்தேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். இந்த ரிவ்யூவில் பெரும்பகுதி அந்த நோட்டீஸைப் பற்றித்தான் இருக்கும், துணியைப் பற்றி மட்டும் தெரிய வேண்டியவர்கள் அடுத்த பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

துணி வெள்ளி இழை கலந்தது, தையல் சுத்தமாக இருக்கிறது, தோள்பட்டி அழுத்தவில்லை. நம்மூர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் போட முடியாது. கையால்தான் துவைக்க வேண்டும், பிழியக் கூடாதாம். கடையில் வேலை செய்யும் பெண் ஒரு வித்தை காட்டினாள்: செல்போனை இந்தத் துணியில் நாலு மடிப்பாகச் சுற்றிவிட்டுக் கூப்பிட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வருகிறது. அது பொய்யில்லை, உலோக இழைத் துணி ரேடியோ அலையைத் தடுக்கும். ஆனால் தங்கச்சி ஏப்ரனைக் கட்டிக்கொண்ட பிறகு அதே போனை உள்ளே, வயிற்றுப் பக்கமாக வைத்துக் கூப்பிட்டேன், மணியடித்தது. முன்பக்கம் மட்டும் மூடியிருக்கிறது, அலை முதுகு வழியாகவும் பக்கவாட்டிலும் வருகிறது. குடை பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கி நிற்கிற கதைதான். சரி, துணி விஷயம் அவ்வளவே.

இனி நோட்டீஸ். அதன் முதல் வரி, ‘குழந்தைகளின் மூளைக் கட்டி கருவிலேயே தொடங்குகிறது’. இந்த மாதிரிப் பொருட்களின் நோட்டீஸ் வழக்கமாக முதல் வரியிலேயே புளுகும், இது உண்மையோடு தொடங்குகிறது, அதனால்தான் படித்தவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்கிறார்கள். குழந்தைகளின் மூளைக் கட்டிகளில் பலவற்றின் வேர் மூளை உருவாகும் காலத்தில்தான் இருக்கிறது என்பது கடந்த இருபது வருஷ ஆராய்ச்சியில் மிக உறுதியாகத் தெரியவந்த விஷயம்.

குழந்தைகளுக்கு வரும் வீரியமான மூளைக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது மெடுல்லோபிளாஸ்டோமா, சிறுமூளைப் பகுதியில் வருவது. மனித மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிரானுல் செல்கள் என்ற பொடிப் பொடி செல்கள். இத்தனையையும் உண்டாக்குவதற்காக, கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிறந்த முதல் வருஷத்திலும் சிறுமூளையின் மேற்பரப்பில் ஓர் அடுக்கு முன்னோடி செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் பர்கின்ஜி செல்கள் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரந்து அவற்றை மேலும் மேலும் பிரிய வைக்கும். வேண்டிய அளவு பெருகியதும் அவை பிரிவதை விட்டு, உள்ளே இறங்கி, நரம்பு செல்லாக முதிர வேண்டும். ஏதோ ஒரு செல்லில் இந்தச் சமிக்ஞைக்குக் கடிவாளம் போடும் மரபணு கெட்டுப்போனால் அந்தச் செல் முதிராது, பிரிந்துகொண்டே போகும். மெடுல்லோபிளாஸ்டோமாவில் ஒரு வகை இப்படித்தான் பிறக்கிறது.

ஒரே பெயரில் சொன்னாலும் இது நாலு பெரிய வகை, நாலுக்கும் பிறப்பிடம் ஒன்றல்ல. அவற்றில் ஒன்று சிறுமூளையிலிருந்தே வருவதில்லை, மூளைத்தண்டின் பின்பக்கச் செல்களிலிருந்து வருகிறது என்று 2010இல் கண்டுபிடித்தார்கள். மீதி இரண்டு எங்கிருந்து வருகின்றன என்பது எலியை வைத்துப் பார்த்தவரை பிடிபடவே இல்லை. மனிதக் கருவின் சிறுமூளை விளிம்பில் எலிக்கு இல்லாத ஓர் அடுக்கு இருக்கிறது, அங்கே இருக்கும் முன்னோடி செல்களோடுதான் அந்தக் கட்டிகள் ஒத்துப்போகின்றன என்று 2022இல் வந்த ஆய்வுகள் காட்டின. மனிதனுக்கு இவ்வளவு பெரிய சிறுமூளையை உண்டாக்கிக் கொடுக்கிற அதே ஏற்பாட்டில்தான் இந்த ஓட்டையும் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

மூளைத்தண்டில் ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் வரும் ஒரு கட்டி இருக்கிறது, குழந்தைக் கட்டிகளிலேயே மிகக் கொடியது. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் பெரும்பாலான நோயாளிகளிடம் அதன் அடிப்படை என்று 2012இல் தெரிந்தது. அந்த ஒரு மாற்றத்தால் செல் வளர்ந்து ஆளாகாமல் குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிடுகிறது. சிறுமூளைப் பக்கம் கைக்குழந்தைகளுக்கு வரும் எபென்டிமோமா என்ற இன்னொரு மூளைக் கட்டியின் ஒரு வகையில், கட்டிக்குக் கட்டி திரும்பத் திரும்ப வருகிற மரபணுப் பிழை என்று அநேகமாக எதுவுமே இல்லை, எந்த மரபணு திறந்திருக்க வேண்டும் எது மூடியிருக்க வேண்டும் என்ற அடையாளங்கள்தான் மாறிப்போயிருக்கின்றன. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்கள் பல பீடி, சிகரெட், வெயில், வயசு என்று பல வருஷச் சேதம் சேர்ந்து சேர்ந்து வருபவை. குழந்தைகளுடையதில் பிழைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, பிழை விழுந்த நேரமும் இடமும்தான் எல்லாமே.

இதெல்லாம் உண்மைதான், ஆனால் இதிலிருந்து ஏப்ரனுக்கு எப்படிப் போகிறார்கள்? ‘ஆகவே கருவிலேயே பாதுகாப்பு தேவை’ என்று ஒரே தாவு. கோடிக்கணக்கான முறை செல்கள் பிரியும்போது எங்கோ விழும் நகல் பிழைதான் பெரும்பாலும் காரணம். குழந்தைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பேரிடம்தான் பிறவியிலேயே வந்த மரபணுக் காரணம் தெரிகிறது. நகல் பிழையையும் சரி, பரம்பரையையும் சரி, வயிற்றுக்கு மேலே கட்டும் துணி என்ன செய்யும்?

வெளியிலிருந்து வரும் எதுவுமே கருவைத் தொடாது என்று சொல்லவில்லை. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையான ஆடுகள் ஏறக்குறைய பதினான்காம் நாளில் ஒரு காட்டுச் செடியைத் தின்றிருந்தன, அந்தச் செடியில் இருக்கும் சைக்ளோபமைன் என்ற பொருள் நான் மேலே சொன்ன அதே ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது என்று வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அதே இடத்தைக் குறிவைத்துப் பிற்பாடு புற்றுநோய் மருந்துகள் வந்தன. மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்தபோது, வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின் நுனிகள் மூடிக்கொண்டு வளர்ச்சி நின்றது. கட்டிக்கு வேண்டிய சமிக்ஞைதான் வளரும் எலும்புக்கும் வேண்டும் என்பதால் வந்த வினை. ஆனால் கவனியுங்கள், அந்த ஆட்டுக்குட்டி விஷயத்தில் குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருள், குறிப்பிட்ட நாளில், இரத்தத்தின் வழியாகக் கருவுக்குப் போய்ச் சேர்ந்தது. நோட்டீஸ் சொல்கிற மாதிரி காற்றில் மிதக்கிற ஏதோ ஒன்று அல்ல.

கதிர்வீச்சுக்கும் இதே கணக்குதான். கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதல் என்று இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் 1950களிலேயே காட்டினார். அதனால்தான் எக்ஸ்ரே அறையில் கர்ப்பமா என்று கேட்கிறார்கள். எக்ஸ்ரேயை மறைக்க ஈயம் வேண்டும், வெள்ளி இழைத் துணிக்கு அது நிற்காது. போன் அலைக்கோ டி.என்.ஏ.யை உடைக்கும் சக்தி கிடையாது. ஆக, இந்த ஏப்ரன் தடுக்க வேண்டியதைத் தடுக்காது, ஓரளவு தடுக்கிற ஒன்றைத் தடுக்கத் தேவை இல்லை. ஸ்கேன் எடுக்கப் போகும்போதும் போட்டுக்கொள்ளலாமா என்று அம்மை கேட்டது. ஸ்கேன் ஒலியலைதான், கதிர்வீச்சே இல்லை.

‘உலக அமைப்பே எச்சரித்திருக்கிறது’ என்று ஒரு வரி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற 2பி பட்டியலில் வைத்தது வாஸ்தவம். சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, அதற்கு ஒருவரும் ஏப்ரன் விற்கவில்லை. பிறகு இந்தியா உட்பட 14 நாடுகளில் 10 முதல் 24 வயதுக்காரர்களிடம் நடத்தி 2022இல் வெளியான மோபி கிட்ஸ் ஆய்வு, போன் பயன்பாட்டால் மூளைக் கட்டி வருவதற்கு ஆதாரம் காணவில்லை. அதை நோட்டீஸ் சொல்லுமா என்ன?

எனக்குக் கோபம் வந்தது அடுத்த வரியில்தான். ‘நம் கடற்கரை மணலிலேயே கதிர்வீச்சு’ என்று மணவாளக்குறிச்சி மணலை இழுத்து வைத்திருக்கிறார்கள். மோனசைட் மணலில் தோரியம் இருப்பதும், இங்கிருந்து கொல்லம் வரைக்கும் கரையோரத்தில் பல இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் ஊருக்கே தெரியும். அது காமா கதிர், இந்தத் துணி அதற்கு ஒரு தடையே அல்ல. இதே மாதிரி மணல் உள்ள கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து, திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அது பெரியவர்களைப் பார்த்த ஆய்வு, குழந்தைகளின் மூளைக் கட்டியைப் பற்றி அதை வைத்து நேரடியாகப் பேச முடியாது. ஆனால் கரையோரத்து மீனவப் பெண்களிடம் பயத்தைக் காட்டி 2,450 ரூபாய் வாங்குவதற்கு நிச்சயமாக அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பிள்ளைக்குச் சிறுமூளைக் கட்டி வந்து ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடித்து வந்திருக்கிறார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அந்த அம்மாவிடம் கேட்டது, ‘வயித்துல இருக்கும்போ போன் நோண்டிக்கிட்டே இருந்தியா, கிரகணத்துல வெளிய போனியா?’ கருவில் தொடங்குகிறது என்ற உண்மையைத் தாயால் தொடங்குகிறது என்று மாற்றிச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே ஊரில் நிறைய. இந்த நோட்டீஸ் அதையே அச்சடித்துக் கொடுக்கிறது. நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது வந்தால், ‘அப்பவே ஏப்ரன் வாங்கிப் போட்டிருக்கலாம்’ என்றும் ஒருத்தி கேட்க வேண்டியிருக்கும்.

கருவின் மூளைக்கு நிஜமாகவே உதவுகிற ஒன்று வேண்டுமென்றால் ஃபோலிக் ஆசிட் மாத்திரை. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் எடுத்தால் நரம்புக் குழாய்க் குறைகள், அதாவது கருவின் மூளையோ தண்டுவடமோ சரியாக மூடாமல் போகும் பிறவிக் குறைகள், பெருமளவு குறையும், விலையும் சொற்பம். அது கட்டியைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை, கட்டியைத் தடுக்கும் பொருள் எதுவும் எந்தக் கடையிலும் இல்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் நம் கையில் இருக்கிறது: காலையில் எழுந்ததும் வாந்தி எடுப்பது அடிக்கடி நடந்தால், தலைவலி விடாமல் இருந்தால், நன்றாக நடந்த பிள்ளை தள்ளாடினால், தலையைச் சாய்த்தே வைத்திருந்தால், திடீரென்று மாறுகண் வந்தால், கைக்குழந்தைக்குத் தலை வேகமாகப் பெரிதானால், பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

ஐந்துக்கு மார்க் கேட்டால் துணிக்கு மூன்று, நோட்டீஸுக்குப் பூஜ்யம். பணம் திரும்பத் தர மாட்டோம், வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பில் இருந்ததால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். பருத்தி லங்கோடு இரண்டு டஜன், தொட்டில் கொசுவலை, ஒரு ரப்பர் ஷீட் எடுத்தோம், மூன்றும் நல்ல சரக்கு. கொசுவலையின் ஜிப்பை மட்டும் கடையிலேயே ஒரு தடவை இழுத்துப் பார்த்து வாங்குங்கள், முதலில் எடுத்துக் கொடுத்தது பாதியில் சிக்கிக்கொண்டது.