படாரென்று அறையும் கிச்சன் கதவு: கீலை மாற்றுவதா, பிஸ்டன் வைப்பதா?

ஹார்டுவேர் கடையில் "சாஃப்ட் க்ளோஸ் வேணும்" என்று கேட்டால் மூன்று விதமான சாமான்களை எடுத்துப் போடுவார்கள். கதவின் வேகத்தைக் குறைக்கும் டாம்பர் உள்ளேயே அடங்கிய கீல் ஒன்று. பழைய கீலின் கையில், அதாவது பெட்டிப் பக்கம் நீளும் பகுதியில், மாட்டும் கிளிப் டாம்பர் இன்னொன்று. அலமாரிப் பெட்டியில் திருகும் சின்ன பிஸ்டன் மூன்றாவது. விலையைப் பார்த்துப் பலரும் பிஸ்டனை வாங்கி வருகிறார்கள். ஆனால் எது பொருந்தும் என்பது கதவில் இப்போது இருக்கும் கீலைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

சோதனை எளிது. கதவைக் கிட்டத்தட்ட மூடி, நாலு விரல் இடைவெளி விட்டுக் கையை எடுங்கள். தானாக உள்ளே இழுத்துக்கொண்டால் அது ஸ்பிரிங் உள்ள ஆட்டோ கீல். கதவின் உள்பக்கம் 35 மி.மீ. வட்டக் குழியில் கீலின் கிண்ணம் போன்ற பகுதி, அதாவது கப், பதிந்திருப்பதும் தெரியும். நின்ற இடத்திலேயே நின்றால் அது ஸ்பிரிங் இல்லாத சாதாரணக் கீலோ, கதவின் உயரம் முழுக்க ஓடும் பியானோ கீலோதான். மூடிப் பிடிப்பது காந்தம். டாம்பருக்குக் கதவை இழுக்கும் சக்தி கிடையாது. மூடி வரும் கதவை எதிர்த்து நின்று வேகத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை. இழுக்க ஸ்பிரிங் வேண்டும். காந்தம் வைத்த கதவில் பிஸ்டனை மாட்டினால், பிஸ்டனின் முனை கதவை 10 மி.மீ. முன்னாலேயே தடுத்துவிடும்; காந்தமோ இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் வந்தால்தான் பிடிக்கும். கதவு எப்போதும் அரைகுறையாகத் திறந்தே நிற்கும். "பிஸ்டன் வேலை செய்யல" என்று வரும் புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ஆட்டோ கீல் ஏற்கெனவே இருந்தால், டாம்பர் உள்ள கீலுக்கு மாறுவதே சரியான வழி. குழி அதே 35 மி.மீ.தான், புதிதாகத் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் கப்பின் இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூ ஓட்டைகளின் தூரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். ஓட்டைக்கு ஓட்டை 48 மி.மீ. என்பது பரவலான அளவு. புளும் கம்பெனியின் கீலில் 45, ஹெட்டிக் கம்பெனியின் கீலில் 52. 48 இருந்த கதவில் 52 வைத்தால், புது ஓட்டை பழைய ஓட்டையிலிருந்து இரண்டே மில்லிமீட்டர் தள்ளி விழும். ஸ்க்ரூ ஏறும்போதே சறுக்கிப் பழைய ஓட்டைக்குள் போய்விடும், கப் கோணலாக உட்காரும், கதவு ஒரு பக்கம் தொங்கும். அதே அளவில் கீல் கிடைக்காவிட்டால் பழைய ஓட்டையில் ஃபெவிகால் தடவிய மூங்கில் குச்சியைத் தட்டி இறக்கி, ஒரு ராத்திரி காயவிட்டு, மட்டமாக அறுத்துவிட்டுப் புது ஓட்டை போடுங்கள். 18 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ. நீள ஸ்க்ரூ போதும். அதற்கு மேல் நீளம் போனால் முன்பக்க மைக்காவில் புடைப்பு தெரியும்.

அடுத்தது கிராங்க், அதாவது கீலின் கையில் உள்ள வளைவு. கதவு பெட்டியின் பக்கப் பலகையை முழுசாக, அதாவது 16 முதல் 18 மி.மீ. வரை மூடினால் 0 கிராங்க். இரண்டு கதவுகள் ஒரே பலகையைப் பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்கு 8, 9 மி.மீ. மூடினால் 8 கிராங்க். கதவு பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்தால் 16 கிராங்க். வரிசையாக மூன்று கதவுகள் இருக்கும் கிச்சனில் மூன்றுக்கும் ஒரே கிராங்க் என்று நினைத்து வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. பக்கப் பலகையில் திருகும் பிளேட்டையும் கீலோடு சேர்த்தே மாற்றுங்கள். ஒரு கம்பெனியின் கை இன்னொரு கம்பெனியின் பிளேட்டில் பூட்டாது. பூட்டினாலும் பிளேட்டின் உயரம் 0, 2, 3 மி.மீ. என்று மாறும், கதவுகளுக்கு இடையே உள்ள சந்து அந்த அளவுக்குக் கெட்டுவிடும்.

எத்தனை கீல் என்பதற்கும் கணக்கு உண்டு. 18 மி.மீ. பிளைவுட், இரு பக்கமும் மைக்கா, 700க்கு 450 அளவுள்ள கதவு சுமார் நாலரை கிலோ வரும். இரண்டு கீல், இரண்டிலும் டாம்பர் போதும். 900 மி.மீ. உயரம் தாண்டினால் மூன்று கீல். மசாலா ரேக்குக்கு மேலே இருக்கும் சின்னக் கதவில் இரண்டு டாம்பர் வைத்தால் கதவு மூட யுகமாகும். அங்கே ஒன்று டாம்பரோடு, இன்னொன்று அதே கம்பெனியின் டாம்பர் இல்லாத ஆட்டோ கீல். சில கீல்களில் டாம்பரை நிறுத்த கப்பிலேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளிவிட்டாலும் போதும்.

கிளிப் டாம்பர் உங்கள் கீல் எந்தக் கம்பெனியின் எந்த ரகமோ அதற்கென்றே செய்ததாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கையின் மேல் வைத்து அழுத்தினால் ஐந்து நிமிட வேலை, ஓட்டை போட வேண்டியதில்லை. கையில் பெயரே அச்சிடாத கீல் என்றால் இந்த வழியை மறந்துவிடலாம்.

பிஸ்டன் முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆட்டோ கீல் நன்றாக இருக்கிறது, வாடகை வீடு, கீலைக் கழற்ற மனமில்லை என்றால் அது கைகொடுக்கும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். 450 மி.மீ. அகலக் கதவில் கைப்பிடிப் பக்கம் வைத்தால், பிஸ்டனின் 10 மி.மீ. ஓட்டம் கதவின் கடைசி ஒன்றேகால் டிகிரியை மட்டும்தான் பிடிக்கும். அதுவரை வேகமாக வந்த கதவு அங்கே தட்டி, பிறகு மெல்ல உட்காரும். கீலிலிருந்து 50 மி.மீ. தள்ளி வைத்தால் அதே 10 மி.மீ. பதினோரு டிகிரிக்கும் மேல் பிடிக்கும், மூடுவது நிதானமாகத் தெரியும். ஆனால் அங்கே நெம்பும் தூரம் குறைவு என்பதால் பிஸ்டன் மீது விழும் விசை பல மடங்கு. மட்டமான பிஸ்டன் கனமான கதவில் சீக்கிரம் தளர்ந்துவிடும். இன்னொன்று, பலகையின் விளிம்பில் 10 மி.மீ. ஓட்டை போட்டுச் செருகும் ரகம் வேண்டாம். 18 மி.மீ. பலகையில் இரு பக்கமும் நாலு மில்லிமீட்டர்தான் மிஞ்சும், பார்ட்டிகிள் போர்டு பிளந்துவிடும். பக்கப் பலகையின் உள்முகத்தில் ஹோல்டரோடு திருகும் ரகமே நல்லது.

கடப்பா கல் தட்டு வைத்துக் கட்டி, முன்னால் மரச்சட்டம் அடித்துக் கதவு மாட்டிய பழைய சமையலறைகள் நம் ஊரில் இன்னும் ஏராளம். இங்கே ஆட்டோ கீலின் பிளேட்டுக்கு இடமே இருக்காது. பிளேட்டின் ஸ்க்ரூ முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே விழும், சட்டத்தின் கனம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. கல்லிலேயே ஓட்டை போட முயன்றால் விளிம்பு தெறிக்கும். சட்டத்துக்குப் பின்னால், அதன் உள்விளிம்போடு மட்டமாக, 75 மி.மீ. அகலமுள்ள 18 மி.மீ. பிளைவுட் பட்டையை உயரம் முழுக்க வைத்துச் சட்டத்தோடு திருகி, அதன்மேல் பிளேட்டை வையுங்கள். கதவில் விளிம்பிலிருந்து 22 மி.மீ. உள்ளே மையம் குறித்து, 35 மி.மீ. பிட்டால் 12, 13 மி.மீ. ஆழம் மட்டும் தோண்ட வேண்டும். பிட்டின் நடு முனை இன்னும் ஆழமாகப் போகும், 16 மி.மீ.க்குக் குறைந்த கதவில் முன்பக்கம் குத்திவிடும். உள்ளே பொள்ளலான பி.வி.சி. கதவாக இருந்தால் தோண்டவே கூடாது. காந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மூலைக்கு ஒன்றாக ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். வேகம் குறையாது, சத்தம் குறையும்.

சிங்குக்குக் கீழேயும் கடலோர ஊர்களிலும் நிக்கல் பூச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும், அங்கே எஸ்.எஸ். 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம் கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்து 304 என்று உறுதி சொல்வார்கள், நம்ப வேண்டாம். மலிவான 202 ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது.

மாட்டியபின் கதவு மெதுவாக வராமல் கடைசியில் தட்டினால் டாம்பரைக் குறை சொல்வதற்கு முன் கையிலுள்ள ஸ்க்ரூக்களைப் பாருங்கள். முன் ஸ்க்ரூவைத் திருகினால் கதவு இடவலமாக நகரும், பின் ஸ்க்ரூவில் முன்பின்னாக. கதவு பக்கத்துக் கதவில் உரசினாலோ கீல் பக்கம் பெட்டியோடு ஒட்டி நெருக்கினாலோ டாம்பருக்கு ஓட்டமே கிடைக்காது. நாள்பட்டு விறைத்துப்போன கீலுக்குத் தேங்காயெண்ணெய் விடும் பழக்கம் உண்டு. டாம்பர் மூடிய சிலிண்டர், உள்ளே எதுவும் போகாது. வெளியே ஒட்டிய எண்ணெயில் தாளிப்புப் புகையும் தூசியும் படிந்து கீல் இன்னும் இறுகும். உள்ளிருக்கும் எண்ணெய் கசிந்து கப்பில் ஈரம் தெரிந்தால் அந்தக் கீலைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.