கட்டிங் 150 ரூபாய், தேவா இலவசம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு சலூனைப் பற்றிய விமர்சனம். ஆனால் பாதிக்கு மேல் இசையமைப்பாளர் தேவாவைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் அந்தக் கடையும் அப்படித்தான். பெரம்பூரிலிருந்து வியாசர்பாடி போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயரைப் போடப் போவதில்லை. கீழே என் வலது கிருதாவுக்கு நேர்ந்த கதியைச் சொல்லப் போகிறேன், சொன்ன பிறகும் அடுத்த மாதம் அதே நாற்காலியில் போய்க் கழுத்தை நீட்டியாக வேண்டும், கத்தி அவர் கையில் இருக்கும்.

கடை சின்னது. இரண்டு நாற்காலி. அதில் ஒன்று மேலே ஏறாது, உட்கார்ந்தால் கண்ணாடியில் நெற்றி மட்டும்தான் தெரியும். ஒரு பெஞ்சு, காலையில் வந்த தினத்தந்தி நாலு பேர் கையில் நாலு துண்டாக. ஏசி கிடையாது, ஃபேன் சுற்றும்போது வெட்டின முடி நம் காலடியிலிருந்து கிளம்பிப் பக்கத்து ஆள் மேல் போய் உட்காரும். இதெல்லாம் எங்கேயும் இருப்பதுதான். வேறு எங்கேயும் இல்லாதது, கண்ணாடிக்கு மேல் பலகையில் பவுடர் டப்பாவுக்கும் படிகாரக் கட்டிக்கும் நடுவே அடுக்கி வைத்திருக்கும் நாற்பது கேசட். அதன் பக்கத்தில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் சொல்லிச் செய்த ஆம்ப்ளிஃபையர், ஆள் உட்காரலாம் போல இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். கேசட்டெல்லாம் கம்பெனி கேசட் இல்லை. அந்தக் காலத்தில் பேப்பரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து தருவார்களே, அது. முதுகில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கும்: தேவா சோகம், தேவா குத்து, தேவா கானா, தேவா ஹரிஹரன். ‘தேவா மழை’ என்றுகூட ஒன்று இருக்கிறது, மழை வந்தால் மட்டும் போடுவாராம்.

கடைக்காரர் அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. ஆளைப் பார்த்துத்தான் கேசட் எடுப்பார். காலேஜ் பையன் வந்தால் குத்து, என்னை மாதிரி முன் மண்டை காலியானவன் வந்தால் ஹரிஹரன் பாடின மெலடி. (முதல் தடவை சோகம் போட்டார். என் முகம் அப்படி.) வெட்டுகிற விதம் பார்க்க அழகாக இருக்கும். பாட்டு ஓடும்போது கத்தரி முடியை வெட்டும், இடையிசை வந்துவிட்டால் காதுக்குப் பக்கத்தில் காற்றை வெட்டும். சிக், சிக், சிக்கென்று தாளம் தப்பாமல் வெறும் கத்தரிச் சத்தம். பல்லவி திரும்பினால்தான் மறுபடி தலைக்கு வருவார். ஆகவே இடையிசை நீளமான பாட்டு வந்தால் கட்டிங் முடிய முக்கால் மணி ஆகும், அவசரமாக ஆபீஸ் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடையில் தினமும் ஓடும் விவாதம் ஒன்றே ஒன்றுதான். தேவா மறுபடி ஒரு ஹிட் கொடுக்க வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? அரசியல் பேசக்கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், இதைப் பேசத் தடை இல்லை. சட்டசபையில் தீர்மானம் போடப் போவது போல அவ்வளவு மும்முரமாகப் பேசுவார்கள்.

ஆட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணன் இருக்கிறார், ஷேவிங்குக்கு மட்டும் வருவார், இரண்டு மணி நேரம் இருப்பார். அவர் திட்டம் ரொம்ப எளிது. ரஜினி படத்தில் அறிமுகப் பாட்டு, அதைத் தேவாவிடம் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். “1992ல அண்ணாமலைக்கு டைட்டில் கார்டு மியூசிக் போட்டாரு. இன்னிக்கு வரைக்கும் தியேட்டர்ல அந்த சத்தம் கேட்டாத்தானே விசில் அடிக்கிறோம்? பாட்ஷா 1995. முப்பது வருஷம் ஆச்சு, ஆயுத பூஜைக்கு எங்க ஸ்டாண்டுல வேற பாட்டு போட்டிருக்கோமா சொல்லு?” இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, ஆட்டோ ஸ்டாண்டு விஷயத்தில் அவர்தான் அதாரிட்டி. ஆனால் இந்தத் திட்டம் தேறாது என்பது என் கட்சி. இப்போது பெரிய ஹீரோ படத்து அறிமுகப் பாட்டு என்பது ஒரு ஃபேக்டரி வேலை, அதில் எழுபதைத் தாண்டிய மனுஷரை உட்காரவைத்தால் மெட்டு அவருடையதாக இருந்தாலும் கேட்பதற்கு எல்லாருடையதும் போலத்தான் இருக்கும்.

இரண்டாவது கட்சி சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி. காதில் எப்போதும் ஹெட்ஃபோன், அதனால் அவனுக்குக் கிருதா வெட்டுவது பெரிய பாடு. அவன் ஒருநாள் ஜானி கேஷ் கதையை எடுத்துவிட்டான். அமெரிக்காவில் பெரிய பாடகர், காலம் போய்விட்டது என்று எல்லாரும் கைவிட்ட நேரம், ரிக் ரூபின் என்று ராப், ஹெவி மெட்டல் ஆல்பம் செய்கிற ஒருத்தர் அவரைக் கூப்பிட்டு, பேண்டு வேண்டாம், கோரஸ் வேண்டாம், ஒரு கிட்டாரோடு உட்கார்ந்து பாடுங்கள் என்றார். 1994ல் அந்த ஆல்பம் வந்தது, கேஷுக்கு அப்போது 62 வயது, அதிலிருந்து இளவட்டங்கள் அவரைக் கொண்டாட ஆரம்பித்தார்கள். தேவாவுக்கும் அதேதான் செய்ய வேண்டும், கீபோர்டை மூடி வைத்துவிட்டு சட்டி, டேப்பு என்று கானாவுக்குத் தட்டுகிற வாத்தியம், ஒரு ஆர்மோனியம், அவர் குரல், மைக்கைக் கிட்டே வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றான். ஆட்டோ அண்ணன் நுரை பூசின முகத்தோடு திரும்பி, “அந்த ஜானி எந்த ஏரியா?” என்று கேட்டார்.

சிரித்தோம், ஆனால் தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது. தேவாவின் குரலை ஜோக்குக்கு மட்டும்தான் நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். காதல் கோட்டையில் “கவலைப்படாதே சகோதரா” பாடினபோது அந்தக் குரலில் நையாண்டியும் இருந்தது, தோளில் கை போடுகிற ஒரு நெருக்கமும் இருந்தது. 2016ல் தெறி படத்துக்கு ஜி.வி.பிரகாஷ் அவரைக் கூப்பிட்டு “ஜித்து ஜில்லாடி”யில் பாட வைத்தார், தியேட்டரில் அந்தக் குரல் வந்தவுடனே ஜனம் அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் அது குத்து. அந்தக் குரலில் மெதுவாக ஒரு பாட்டு, சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவார்களே மரண கானா, அந்தச் சாயலில் ஒன்று வந்தால் எப்படி இருக்கும்? கானாவைச் சினிமாவில் வெறும் கேலிப் பாட்டாக்கிவிட்டார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு மனக்குறை உண்டு, அதில் தேவாவுக்கும் பங்கு உண்டு என்று அவர் ரசிகர்களே இங்கே ஒத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கையும் அவரே தீர்த்த மாதிரி ஆகும்.

கடைக்கார அண்ணன் இரண்டு கட்சியிலும் சேராதவர். “தேவான்னா கானான்னு யாரு உங்களுக்குச் சொன்னது?” என்பார், கத்தரியை நீட்டிக்கொண்டே. ஆசை, காதல் கோட்டை, நேருக்கு நேர், வாலி, குஷி என்று விரல் விடுவார். நியாயம்தான். 90களில் கல்யாண வீடியோவிலிருந்து டவுன் பஸ் வரைக்கும் ஓடியது முக்கால்வாசி மெலடி. அவர் சொல்வது, தேவாவுக்கு மெட்டு பஞ்சமே கிடையாது, கேட்டால் பத்து கொடுப்பார், ஒன்பதை வேண்டாம் என்று சொல்கிற டைரக்டர்தான் வேண்டும். வசந்தும் அகத்தியனும் எஸ்.ஜே.சூர்யாவும் வந்தபோது ஒரு தேவா, வருஷத்துக்கு எத்தனை என்று எண்ணவே முடியாமல் படம் ஒத்துக்கொண்டபோது இன்னொரு தேவா. இங்கிலீஷ் மெட்டை எடுத்துப் போட்டார் என்ற பேச்சும் அந்த அவசரத்தில் வந்ததுதான் என்பது அவர் வாதம். அவசரம் சரி, ஆனால் கொஞ்சம் சோம்பலும் இருந்தது அண்ணே என்று நான் சொன்னேன். அதற்குத்தான் கிருதா போனது என்று இப்போதும் சந்தேகம்.

அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே மிஷினை வைத்தார், வலது கிருதா அரை அங்குலம் மேலே போய்விட்டது. சமன் செய்கிறேன் என்று இடதைத் தூக்கினார், அது இன்னும் மேலே போனது. மறுபடி வலது. ஹரிஹரன் முடிப்பதற்குள் இரண்டும் காதுக்கு மேலே போயிருந்தன. வீட்டுக்கு வந்தபோது அம்மா, “எந்த போலீஸ் டிரெயினிங்குடா?” என்றாள். காசு குறைக்கவில்லை. கழுத்தில் கூடுதலாகப் பவுடர் போட்டார்.

இதெல்லாம் மீறி ஏன் அங்கேயே போகிறேன் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்த காட்சி காரணம். பத்தாவது படிக்கிற மாதிரி ஒரு பையன், சைடு கட் அடிக்க வந்தவன், “அண்ணா, லியோ பாட்டு போடுங்கண்ணா” என்றான். கடைக்கார அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பலகையில் விரலை ஓட்டி ஒரு கேசட்டை எடுத்தார், சுண்டு விரலைப் பல்சக்கரத்தில் விட்டு இரண்டு சுற்று சுற்றி நாடாவை இறுக்கினார், போட்டார். கொஞ்சம் இரைச்சல், அப்புறம் “கரு கரு கருப்பாயி”. பையன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டே, “அனிருத் மாஸ்ல?” என்றான். கத்தரி நின்றுவிட்டது. பெஞ்சில் தினத்தந்தி இறங்கியது. அண்ணன் கேசட் டப்பாவை எடுத்து அவன் கண்ணுக்கு நேரே காட்டினார், முதுகில் மங்கிப்போன நீல மையில் மார்ச் 2000 என்று இருந்தது. “ஏழையின் சிரிப்பில். தேவா. நீ பொறந்தியா அப்போ?” பையன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாட்டைவிட கேசட்டைத்தான் அதிசயமாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். ஆனால் போகும்போது, “தேவான்னு தேடினா வருமாண்ணா?” என்று கேட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

2023ல் அனிருத் இசையமைத்த லியோ படத்தில் அந்தப் பாட்டு வந்தபோது அதற்கு 23 வயது. தேவாவைப் பொறுத்தவரை, தன் பழைய பாட்டுகளை எடுத்துப் போடுகிறவர்கள் மேல் அவர் வழக்கு அது இது என்று போவதில்லை. புதுப் பிள்ளைகள் காதுக்குப் போனால் சரி என்கிற மனசு. அதற்கு முந்தின வருஷம் விக்ரமில் “சக்கு சக்கு வத்திக்குச்சி” வந்து ஊரே ஆடியது, 1995ல் வந்த அசுரன் படத்துப் பாட்டு அது. அதற்கு இசை போட்ட ஆதித்யன் 2017லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆட்டோ அண்ணன் இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தணித்துப் பேசுவார். தேவா பார்க்கும்போதே நடந்துவிட வேண்டும் என்பதுதான் எல்லாருடைய அவசரமும். 2022 நவம்பரில் சென்னையில் அவர் கச்சேரி நடந்தபோது ரஜினியே வந்திருந்தார், கூட்டமும் வந்தது. ஆனால் பாடினதெல்லாம் பழசு. கடைக்காரர் கேட்பது புதுசு. பழைய பாட்டுக்குக் கை தட்டி அனுப்பிவிட்டால் அவரை ரிட்டயர் ஆக்கின மாதிரி ஆகிவிடும் என்பார்.

என் திட்டத்தையும் ஒருநாள் சபையில் வைத்தேன். 2000ல் முகவரி என்று ஒரு படம், வாய்ப்புத் தேடி அலைகிற இசையமைப்பாளராக அஜித், இசை தேவா. அதையே திருப்பிப் போட வேண்டும். ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்த இசையமைப்பாளர், இப்போது ஒரு மெட்டு வைத்திருக்கிறார், யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. படம் முழுக்க அந்த மெட்டைத் துண்டு துண்டாகக் காட்டி, கடைசியில்தான் முழுப் பாட்டு, அதையும் தேவாவே பாட வேண்டும். சவுண்ட் தம்பி கை கொடுத்தான். கடைக்காரர் யோசித்துவிட்டு, “ஹீரோயின் யாரு?” என்றார். அதோடு என் திட்டம் முடிந்தது.

விமர்சனம் என்று ஆரம்பித்துவிட்டதால் மார்க்கும் போட வேண்டும். கட்டிங் 150, ஷேவிங் 60, தலை மசாஜ் அவர் மூடைப் பொறுத்து. கட்டிங்குக்கு 5க்கு 2, கிருதா இல்லாவிட்டால் 3. ஷேவிங்குக்கு 4, ஒவ்வொரு ஆளுக்கும் புது பிளேடு, கண் முன்னாலேயே உடைத்துப் போடுகிறார், படிகாரம் தேய்த்துப் பன்னீர் தெளிப்பது வேறு. சவுண்டுக்கு 5க்கு 6. செவ்வாய் லீவு. ஞாயிறு காலை ஏழுக்கு முன் போய்விட வேண்டும், அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெஞ்சை நிரப்பிவிடும். கல்யாணத்துக்கு முந்தின நாள் போகாதீர்கள், மாப்பிள்ளையாக இருந்தால் கண்டிப்பாகப் போகாதீர்கள்.

போன வாரம் போனபோது ஆட்டோ அண்ணன் புதுசாக ஒன்று கொண்டுவந்திருந்தார். சினிமாவே வேண்டாம், தேவா நேராக ஒரு ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்து பாடட்டும், போனில் எடுத்து விட்டால் போதும் என்றார். சவுண்ட் தம்பி தெரு இரைச்சல் வரும் என்றான். வரட்டுமே என்றார் இவர். கடைக்காரர் கத்தியை மடக்கி வைத்துவிட்டு அந்த நாற்காலியின் கையிலேயே சாய்ந்துகொண்டு, எந்த ஸ்டாண்டு என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஆட்டோ அண்ணனுக்கு ஒரு பக்கம்தான் மழித்திருந்தது, இன்னொரு கன்னத்தில் நுரை காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது.