கறிக்கோழித் தீவனத்துக்கு முதலில் பைட்டேஸா, சைலனேஸா?

சொந்தமாகத் தீவனம் அரைத்துக் கறிக்கோழி வளர்ப்பவர் ஒரே ஒரு நொதிக்குத்தான் செலவிட முடியும் என்றால் எதை வாங்க வேண்டும் என்பதை, அவர் அரைக்கும் தானியத்தைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் கலந்த தீவனத்துக்குப் பைட்டேஸையே முதலில் வாங்கச் சொல்வேன். தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்கும் நொதிதான் பைட்டேஸ்; அது போதுமான அளவு கோழியின் குடலில் இல்லாததால், காசு கொடுத்து வாங்கிய சத்தின் பெரும்பகுதி எச்சத்தோடு தரையில் பரப்பிய கூளத்தில் விழுகிறது. கிலோ தீவனத்துக்கு 500 அலகு பைட்டேஸ் சேர்த்தால், பொதுவாக 0.1 சதவீதப் பாஸ்பரஸைத் தாது உப்பிலிருந்து குறைத்துக்கொள்ளலாம். டன்னுக்கு அது 1 கிலோ பாஸ்பரஸ். 18 சதவீதப் பாஸ்பரஸ் கொண்ட டை கால்சியம் பாஸ்பேட்டில் (டிசிபி) அதைப் பெற ஏறத்தாழ 5.5 கிலோ வேண்டும். கிராமுக்கு 5,000 அலகு வீரியமுள்ள பைட்டேஸ் என்றால் 100 கிராம் போதும். ஆனால் டிசிபியைக் குறைக்காமல் பைட்டேஸை மேலதிகமாகச் சேர்ப்பவருக்கு இந்தச் சேமிப்பு கிடைக்காது. சுண்ணாம்புத்தூள் மிகுந்தாலும் கால்சியம் பைட்டேட்டைப் பற்றிக்கொண்டு நொதியின் வேலையைக் குறைத்துவிடும்.

சைலனேஸ் தானியச் செல்சுவரிலுள்ள அராபினோசைலான் என்ற நாரை உடைக்கிறது. கோதுமையிலும் ரை என்ற தானியத்திலும் இது கரையும் நாராக மிகுந்திருப்பதால் குடலுக்குள் கொழகொழப்பு ஏறி, செரிமானம் தடைப்பட்டு, எச்சம் ஒட்டி, கூளம் ஈரமாகிறது. எனவே கோதுமையை முதன்மைத் தானியமாகக் கொண்ட ஐரோப்பியத் தீவனங்களில் இந்த நொதியின் பலன் தெளிவாகத் தெரிகிறது. மக்காச்சோளத்தில் கரையும் நார் மிகக் குறைவு. ஆகவே அங்கே பலன் சிறியது, நிச்சயமும் குறைவு. விலையைக் கருதி எண்ணெய் நீக்கிய அரிசித் தவிட்டைக் கூட்டுபவர்களும் முதலில் பைட்டேஸைத்தான் நினைக்க வேண்டும். தவிட்டில் பைட்டேட் மிக அதிகம்.

தீவனத்தைக் குருணையாக அழுத்தும் பெல்லட் இயந்திரத்தில் வெப்பம் 80, 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெப்பம் தாங்கும் பூச்சில்லாத நொதி இரண்டுமே வீரியம் இழக்கக்கூடும். பூச்சிட்ட வகையை வாங்க வேண்டும், அல்லது திரவமாகப் பெல்லட்டின் மேல் தெளிக்க வேண்டும். தூள் தீவனத்துக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டையும் சேர்ப்பது தவறன்று. ஆனால் இரண்டு பாக்கெட்டுகளிலும் அச்சிட்ட ஆற்றல் மிச்சத்தை, அதாவது நொதியால் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்லும் ஆற்றலை, அப்படியே கூட்டித் தீவனத்தில் சேர்க்கும் எண்ணெயைக் குறைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஒரு நொதி செரிக்கவைத்த சத்தை மற்றொன்று மறுபடியும் செரிக்கவைக்க முடியாததால், தாளில் தெரிந்த ஆற்றல் கோழிக்குப் போய்ச் சேராமல் விற்பனை நாளில் எடை குறைந்து நிற்கும்.