மேண்டலின் ஸ்லைசர்: வாழைக்காய்க்கு வாங்கலாம், வெண்டைக்காய்க்கு வேண்டாம்

சென்னையில் பாரிமுனைப் பாத்திரக் கடைகளிலும் ரங்கநாதன் தெருவிலும் காய் சீவ ஸ்லைசர் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விதம் எடுத்துப் போடுவார்கள். ஒன்று, டப்பா மேல் நாலைந்து தட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் பிளாஸ்டிக் செட். மற்றது ஸ்டீல் மேண்டலின்: ஒரே பிளேடு, கனத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு, மடக்குகிற கால். விலை கூடினாலும் இரண்டாவதே சரி.

ஏன் என்பது எண்ணெய்ச் சட்டியில் தெரிந்துவிடும். செட்டில் வரும் தட்டு, காயை அழுத்தும்போது நடுவில் வளைகிறது. ஒரே வில்லை ஒரு ஓரம் 1 மி.மீ., மறு ஓரம் 2 மி.மீ. என்று விழுகிறது. மெல்லிய ஓரம் கருகும் நேரத்தில் கனத்த ஓரத்தில் ஈரம் போகாது, ஆறினதும் நமுத்துவிடும். கடையிலேயே தட்டின் நடுவில், பிளேடைத் தொடாமல், கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம்.

வி வடிவ பிளேடாக இருந்தால் தக்காளியும் நசுங்காமல் வரும். முனைகள் சாய்வாகத் தோலைக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

சிப்ஸுக்கு 1 முதல் 1.5 மி.மீ. போதும். பாகற்காய் வறுவலுக்கு 2, நீளவாக்கில் சீவும் வாழைக்காய் பஜ்ஜிக்கு 3, வெங்காய பஜ்ஜி வளையத்துக்கு 4. உருளைக்கிழங்கைச் சீவியதும் தண்ணீர் தெளியும்வரை அலசி, துணியில் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். மாவு ஒட்டியிருந்தால் சட்டியில் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் சிவக்கும். வாழைக்காயில் தொல்லை பிசின்தான். பிளேடிலும் தட்டிலும் துளி நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் இழுபடாது. சிப்ஸ் கடைக்காரர் மாதிரி கொதிக்கும் எண்ணெய் மேல் நேராகச் சீவ வேண்டாம். அது அவர்களுக்குப் பழகிய கை. துணியில் சீவிப் பரப்பி, அந்தந்த ஈட்டை உடனே போடுங்கள்.

கிளிமூக்கு மாங்காயை 3 மி.மீ. சீவி உப்பு, மிளகாய்த்தூள் தூவினால் பீச்சில் விற்கும் பத்தையைவிட மெல்லிசு, காரம் நன்றாகப் பிடிக்கும். கொட்டை தட்டியதும் நிறுத்திவிடுங்கள். ஆப்பிள், வெள்ளரி அருமை. பழுத்த மாம்பழம் குழையும். வெண்டைக்காய், பீன்ஸுக்கு அருவாமனையே வேகம். சேனை, பூசணி மாதிரிக் கெட்டியானதை முழுசாக அழுத்தினால் கை எகிறும். முதலில் கத்தியால் சின்னத் துண்டாக்குங்கள்.

விரல் வெட்டுப்படுவது அநேகமாகக் காயின் கடைசித் துண்டில்தான். அதனால் பாதிக் காய் தீர்ந்ததுமே, காயை முள்ளில் குத்திப் பிடிக்கும் கைக்காப்பை மாட்டிவிட வேண்டும். மிஞ்சும் ஒன்றரை செ.மீ. துண்டு சாம்பாருக்குப் போகட்டும். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொண்டால் காப்பின் முள்ளில் நிற்கும். ஸ்லைசருக்கு அடியில் ஈரத்துணி போட்டால் மேடையில் வழுக்காது.

உபயோகித்த உடனே குழாயடியில் காட்டி, பிரஷ்ஷால் பிளேடின் முதுகிலிருந்து கூர்முனைப் பக்கமாகத் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நார் கூடாது. கேரட் கறைக்கு முதலில் எண்ணெய், பிறகு சோப்பு. நம் ஊர்க் கடற்காற்றில் ஈரத்தோடு வைத்தால் துருப் பிடிக்கும். போர் தண்ணீரோ வெள்ளைத் திட்டு விடும். துடைத்து, திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வையுங்கள்.

வெங்காயம் வழுக்குவதும் தக்காளி தோல் மடங்குவதும் பிளேடு மழுங்கியதன் அடையாளம். வி பிளேடை வீட்டில் சாணை பிடிப்பது கஷ்டம். மாற்று பிளேடு தனியாகக் கிடைக்குமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.