களிமண்ணா, காகிதக்கூழா? கடலூரில் ஒரு பின்கட்டிலிருந்து

எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாலு வருஷமாக இரண்டு வாளிகள் இருக்கின்றன. ஒன்றில் ஏரி மண், இன்னொன்றில் ஊறிக்கொண்டிருக்கும் பழைய தினசரித்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ராத்திரிச் சமையலுக்கு முன்னால் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் எந்த வாளியில் கைவிடுவது என்பதுதான் என் அன்றாட யோசனை. "நானும் கையால ஏதாவது செய்யணும்க்கா, எதுல ஆரம்பிக்கறது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஏன் இந்த இரண்டு மட்டும்? நம் பக்கத்தில் இரண்டுக்கும் வேர் இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைப்பாட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இரண்டுமே புதுச்சேரிப் பகுதி, கடலூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பலாம். வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சக்கரத்தில் வனைந்து, பளபளப்பு மெருகேற்றி, 1,200 டிகிரிக்கு மேல் சுடும் பீங்கான் வகை வேலையும் புதுச்சேரியில் உண்டு. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியால் வளர்ந்த வழி அது. அழகான வேலை, ஆனால் அதற்கு உலையும் முழுநேரப் பயிற்சியும் வேண்டும், வீட்டுப் பின்கட்டுக்கு ஒத்துவராது. பாக்கெட்டில் வரும் கலர் களிமண் சின்ன மணிகளுக்குச் சரி, அதோடு விட்டுவிடலாம்.

மண்ணை முதலில் பார்ப்போம். ஏரியில் நாமே போய் அள்ளக் கூடாது, அதற்கு அனுமதி வேண்டும். பக்கத்தில் மண்பாண்டம் செய்கிறவர் யாராவது இருப்பார், அவரிடமே இரண்டு பக்கெட் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பக்குவமும் சொல்லித்தருவார். ஊறவைத்து, கரைத்து, சல்லடையில் வடிகட்டி, கல்லும் வேரும் நீக்கி, தெளிந்த தண்ணீரை இறுத்து, கொஞ்சம் சன்ன மணல் சேர்த்துப் பிசைய வேண்டும். மணல் இல்லாவிட்டால் காயும்போது வெடிப்பு விடும், அதிகமானால் வளைக்கும்போது உதிரும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும், அதற்கே எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஒரு சுருளை உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பார்ப்பேன், மேலே கீறல் விடாமல் வளைந்தால் மண் தயார்.

காகிதக்கூழுக்கு இந்த அலைச்சல் இல்லை. தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து (அதற்கென்று ஒரு பழைய ஜார் ஒதுக்கிவிடுங்கள், சட்னிக்கு மறுபடி வேண்டாம்), துணியில் போட்டுப் பிழிந்து, பசையும் சாக்பீஸ் பொடியும் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு மாதிரி திரண்டு வரும். பசைக்கு மைதா போதும். நான் புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுகிறேன், பிடிப்பு நன்றாக இருக்கிறது. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுகிறவர்கள் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் வாளியில் போடாதீர்கள்.

இதுவரை பார்த்தால் கூழ்தான் சுலபம். செலவு கிட்டத்தட்ட இல்லை, அச்சு ஒன்று இருந்தால் கூழ் பிசைந்த அன்றைக்கே பொம்மைக்கு உருவம் வந்துவிடும். பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதியிலும் கூழை விரல் கனத்துக்கு அழுத்தி, காய்ந்ததும் எடுத்து ஒட்டி, வெள்ளை பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் தீட்டினால் கொலுவில் வைக்கலாம். தூக்கினால் எடையே தெரியாது. கீழே விழுந்தால் மூக்கு நசுங்கும், அவ்வளவுதான். நசுங்கிய இடத்தில் கொஞ்சம் கூழ் வைத்து ஒட்டிவிடலாம்.

மண்ணில் அப்படி இல்லை. முதல் வருஷம் ஒரு குதிரை செய்தேன். அய்யனார் கோயில் வாசலில் நிற்குமே, அந்த மாதிரி, ஒரு முழ உயரம். உடம்பை உள்ளே கூடாக வைத்துத்தான் செய்தேன், கால்களை மட்டும் பலமாக இருக்கட்டும் என்று முழுசாக உருட்டி வைத்துவிட்டேன். இருபது நாள் நிழலில் காயவைத்து, வில்லியனூர்ப் பக்கம் ஒரு பெரியவர் சூளை வைக்கும்போது அவர் பானைகளோடு சேர்த்துக் கொடுத்தேன். மறுநாள் போனால் உடம்பு இருக்கிறது, முன்னங்கால் இரண்டும் தூள். அவர் துண்டு ஒன்றை எடுத்து உடைந்த முகத்தைக் காட்டினார். "ஏம்மா, மேல காஞ்சிருக்கு, நடுவுல ஈரம் நின்னுருக்கு பாரு. கால்லயும் கூடு வெக்கணும்மா, ஒரு ஊசித் துளையாவது விடணும்." தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அடைபட்ட இடத்தில் அது எங்கே போகும்? அவருக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை, பின்னால் அதைப் படித்தபோதுதான் எனக்கு அவர் சொன்னது முழுசாகப் புரிந்தது.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. கூழ் தன் குறையை அப்போதைக்கப்போதே சொல்லிவிடும். வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், விரிசல் விட்டால் பூசிவிடலாம். மண் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டிருந்துவிட்டு நெருப்பில்தான் சொல்லும், சொன்ன பிறகு திருத்த இடமே இல்லை. சுமார் 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்தப் பொருள் மறுபடி மண்ணாகக் கரையாது. அதனாலேயே அது நிலைக்கவும் செய்கிறது. புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியில் செய்த சிவப்புப் பாண்டச் சில்லுகளை வைத்துத்தான் அந்த ஊரின் காலத்தைக் கணித்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஆற்றங்கரை ஈரத்தில் கிடந்த சில்லு. கூழுக்கு அந்த ஆயுள் கிடையாது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் எங்கள் ஓட்டுக்கூரை போனபோது அம்மாவின் கொலுப்பெட்டி இரண்டு நாள் மழையில் கிடந்தது. காகிதப் பொம்மைகள் கஞ்சியாகிவிட்டன. சுட்டமண் செட்டியாரும் அவர் கடையும் வர்ணம் மட்டும் போய் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அந்தச் செட்டியாரைத் துடைத்துத் துடைத்து வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, அப்படியானால் மண்தான் உசத்தியா என்றால், காலம் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் காற்றில் எப்போதும் கடல் ஈரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கூழ் காயவே காயாது, மூன்றாம் நாள் பூஞ்சை பூத்து நாற்றமடிக்கும், பசை புளித்துவிடும். கூழுக்கு வேண்டியது மாசியிலிருந்து ஆவணி வரை உள்ள சுள்ளென்ற வெயில். புரட்டாசிக் கொலுவுக்குச் செய்கிறவர்கள் சித்திரையிலேயே அச்சில் கைவைத்துவிட வேண்டும். மண்ணோ அந்த வெயிலில் வைத்தால் காது முதலில் காய்ந்து, கழுத்து ஈரமாக இருந்து, இரண்டுக்கும் நடுவில் பிளந்துவிடும். அதை நிழலில், ஈரத்துணி போர்த்தி, மெல்ல மெல்லக் காயவிட வேண்டும். அதனால் அடைமழைக் காலம் மண்ணில் உருச்செய்ய நல்ல காலம். செய்து வைத்து, தையில் சூளைக்குக் கொடுக்கலாம். நான் இப்போது வருஷத்தை இப்படித்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்: வெயிலில் கூழ், மழையில் மண். எங்கள் மொட்டைமாடியின் தெற்கு மூலை கூழுக்கு, மாடிப்படிக்கு அடியில் மண்ணுக்கு.

இடம், நேரம், பிள்ளைகள் இதெல்லாம் வைத்துப் பார்த்தால் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கூழ்தான். சூளைக்கு ஆளைத் தேட வேண்டாம், கழுவுகிற தண்ணீரில் மண் போய்க் குழாய் அடைக்காது. படம் வரைவதில், வர்ணம் தீட்டுவதில் ஆசை இருக்கிறவர்களுக்கும் கூழ்தான், ஏனென்றால் கூழில் சந்தோஷம் பெரும்பாலும் கடைசியில், தூரிகையில் இருக்கிறது. நடுவில் அரைப்பதும் பிழிவதும் தேய்ப்பதும் வேலைதான், ஆசைப்பட்டு யாரும் செய்வதில்லை. நான் இரண்டு பேர் பார்த்தேன், அரைத்து வைத்துவிட்டு அச்சுக்குப் போகாமலே விட்டுவிட்டார்கள்.

மண்ணில் சந்தோஷம் முதல் நிமிஷத்திலேயே வந்துவிடும், கையை வைத்தவுடன். உருண்டையில் கட்டைவிரலை அழுத்தினால் குழி, குழியைத் திருகினால் கிண்ணம், ஓரத்தைக் கிள்ளினால் மூக்கு. என் பெண் ஏழாவது படிக்கிறாள், பரீட்சை நாளில் அவளாகவே வந்து வாளிப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால் "தெரியலைம்மா" என்பாள், அரை மணி நேரத்தில் ஆமையோ பூனையோ எழுந்து நிற்கும். அச்சு இல்லாமல், படம் பார்க்காமல், என்ன வரப்போகிறது என்று தெரியாமல் கை போகிற போக்கில் ஒன்று பிறப்பது கூழில் எனக்கு இதுவரை நடக்கவில்லை. கூழ் கொரகொரவென்று இருக்கும், சன்னமான விளிம்பு கொடுக்காது, விரல்ரேகையை வாங்கிக்கொள்ளாது.

இன்னொன்றும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. சுடாத மண்ணைச் சுட்டாக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. நன்றாகக் காய்ந்த பொம்மையைத் தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று குமிழி விட்டு, அரை மணியில் சரிந்து சேறாகிவிடும். மறுபடி பிசையலாம், மறுபடி செய்யலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். ஈரம் பட்டிருக்கும்போதைவிட நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால்தான் சீக்கிரம் கரைகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் செய்வதில் பத்தில் ஒன்றுதான் சூளைக்குப் போகிறது. மீதி ஒன்பதும் வாளிக்கே திரும்புகின்றன. அந்த ஒன்பதில்தான் நான் கற்றுக்கொண்டதெல்லாம் இருக்கிறது, முகத்தின் தாடை எங்கே திரும்புகிறது, குதிரைக் கழுத்து எவ்வளவு தாங்கும், எல்லாம். வீணானது என்று எதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை என்கிற தைரியம் வந்துவிட்டால் கை பயமில்லாமல் போகிறது.

அதனால் என்னிடம் கேட்டால், வீட்டில் வைக்க, பரிசு கொடுக்க ஒரு பொருள் வேண்டுமென்றால் கூழை எடுங்கள். செய்கிற நேரமே வேண்டுமென்றால் ஒரு பக்கெட் மண் வாங்குங்கள், ஆறு மாசத்துக்குச் சூளையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இதை எழுதும்போது வெளியே மழை பிடித்திருக்கிறது. கூழ் வாளியைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டேன், இனி மாசிதான். மாடிப்படிக்கு அடியில் புதுக் குதிரை ஈரத்துணிக்குள் நிற்கிறது, இந்தத் தடவை நாலு காலும் கூடு, ஒவ்வொரு குளம்பிலும் ஊசித் துளை.