பீடத்தில் விடுவதா, இறக்குவதா? சர்ச்சைச் சிலைகளுக்கு நான்கு வழிகள்

"சிலையை எடுத்தால் வரலாறே அழிந்துவிடும்" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த ஆண்டு வைக்கப்பட்டது என்பதைத்தான். அடிமை வணிகத்தில் பொருள் சேர்த்த எட்வர்ட் கோல்ஸ்டன் இறந்தது 1721-இல். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அவருக்குச் சிலை எழுந்தது 1895-இல். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் சிலை, அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் திறக்கப்பட்டது 1924-இல். அந்த மனிதர்களைவிட, அவர்களை உயரத்தில் ஏற்றிவைக்க விரும்பிய பிற்காலத்தாரைப் பற்றித்தான் இவை அதிகம் சொல்கின்றன. ஆகவே என் அளவுகோல் இரண்டு: மரியாதை நீங்குகிறதா? சான்று மிஞ்சுகிறதா?

விளக்கப் பலகை. மலிவான சமரசம். ஆனால் அதில் என்ன எழுதுவது? கோல்ஸ்டனை நகரின் நற்குணமும் அறிவும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்றது பழைய வாசகம். அதற்கு மறுவாசகம் எழுதும் முயற்சி திருத்தத்துக்கு மேல் திருத்தமாக இழுபட்டு, 2019-இல் மேயரே நிறுத்திவைக்கும்படி ஆனது. 2020 ஜூன் 7 அன்று ஒரு கூட்டம் கயிறு கட்டிச் சிலையைச் சாய்த்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. பலகை வந்திருந்தால் சிலை தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முறையான வழி அடைபட்ட பிறகுதான் கயிறு வந்தது. பலகை வந்தாலும்கூட, சிலையை அண்ணாந்து பார்க்க வேண்டும், பலகையைக் குனிந்து படிக்க வேண்டும்.

அருங்காட்சியகம். பெரும்பாலும் என் ஓட்டு இதற்கே. கோல்ஸ்டனைத் தண்ணீரிலிருந்து எடுத்து, போராட்டக்காரர்கள் பூசிய பெயிண்டோடு அப்படியே படுக்கவைத்துக் காட்டுகிறார்கள். 1895-உம் 2020-உம் ஒரே உலோகத்தில் தெரிகின்றன. 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி ஒடுக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலைக்கு எதிராகச் சென்னையில் 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது; 1937-இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அதனால் எந்த வரலாறும் அழிந்துவிடவில்லை.

இடமாற்றம் எப்போதும் இப்படி முடிவதில்லை. 2007 ஏப்ரலில் எஸ்டோனியத் தலைநகர் தாலினில், சோவியத் வெண்கல வீரன் சிலையை நகர்த்தும் வேலை தொடங்கியதும் கலவரம் வெடித்து ஓர் உயிர் போனது. ஒரு சாராருக்கு அது ஆக்கிரமிப்பின் சின்னம். ரஷ்ய மொழி பேசுவோர் பலருக்கு இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவு. கடைசியில் சிலை போய்ச் சேர்ந்தது ராணுவக் கல்லறைக்கு. இறந்தவர்களுக்கான மரியாதையை அரசின் பெருமிதத்திலிருந்து பிரித்துவைக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

இருந்த இடத்திலேயே மறுப்பு. அதிகம் பேசப்படாத வழி, ஆனால் நான்கில் புத்திசாலித்தனமானது. இத்தாலியின் போல்சானோவில் முசோலினி ஆட்சி 1928-இல் ஒரு வெற்றி வளைவைத் திறந்தது. ஆஸ்திரியாவிடமிருந்து கைமாறிய ஊர் அது. ஜெர்மன் பேசுவோரைச் சிறுமைப்படுத்தும் வாசகம் வளைவிலேயே உண்டு. சதுக்கத்துக்கு 'அமைதி' என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள். 2002 வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் 'வெற்றி' என்ற பழைய பெயரையே திரும்பக் கேட்டார்கள். 2014-இல் வளைவுக்கு அடியிலேயே ஒரு வரலாற்றுக் கண்காட்சியைத் திறந்து, தூண் ஒன்றில் எழுத்துகள் ஓடும் மின்னணு வளையத்தை மாட்டினார்கள். ஒரு கல்லும் பெயர்க்கப்படவில்லை, கம்பீரம் மட்டும் கெட்டுப்போனது. பணம், பொறுமை, இரு தரப்பும் ஏற்கும் வரலாற்றாசிரியர்கள் மூன்றும் அமைந்தால்தான் இது நடக்கும். அமையாத ஊர்களே அதிகம்.

உருக்குவது. மரியாதையோடு சான்றும் போய்விடும் என்பதால் பொதுவாக எனக்கு ஒப்புதல் இல்லை. சார்லட்ஸ்வில்லை மட்டும் குறைசொல்ல நா எழவில்லை. 2017-இல் வெள்ளை இனவெறியர்கள் அந்த லீ சிலையை முன்னிட்டே திரண்டார்கள். எதிர்த்து நின்றவர்கள் மீது கார் ஏற்றப்பட்டு ஒரு பெண் இறந்தார். 2023-இல் சிலையை உருக்கினார்கள். அந்த வெண்கலத்தில் புதிய கலைப்படைப்பு ஒன்றைச் செய்வது திட்டம். சான்றுக்கும் பஞ்சமில்லை: ரிச்மண்டில் 2021-இல் இறக்கப்பட்ட இன்னொரு லீ சிலை, கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.