சோதனை முடிந்ததும் ஜெட்டியை யார் நிறுத்துவது?

ஜாவா சோதனைக்குள் ஜெட்டி என்ற வலை சர்வரைக் கிளப்ப நாலைந்து வரி போதும். நிறுத்துவதில்தான் ஆளுக்கொரு வழி.

பலரும் முதலில் நாடுவது, ஜாவா சோதனைகளை ஓட்டும் ஜேயூனிட் 5-இன் ஆஃப்டர்ஆல்: ஒரு வகுப்பின் எல்லாச் சோதனைகளும் முடிந்தபின் ஓடும் மெத்தட். சோதனை தோற்றாலும் அது ஓடும். சோதனைகளுக்கு முன் ஓடி சர்வரை ஏற்றும் பிஃபோர்ஆல் பாதியில் முறிந்தாலும் ஓடும். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சர்வர் உருவாகும் முன்பே பிஃபோர்ஆல் விழுந்திருந்தால், இங்கே ஸ்டாப் அழைப்பு ஒரு நல் பாயின்டர் (null pointer) பிழையை எறியும்; உண்மையான காரணத்தோடு அதுவும் சேர்ந்து அறிக்கையைக் குழப்பும். சர்வர் இருக்கிறதா என்று ஒரு சரிபார்ப்பு வைத்தால் தீர்ந்தது. வகுப்புக்கு வகுப்பு ஏற்றி இறக்கும் நேரம்தான் இதன் விலை.

செட்ஸ்டாப்அட்ஷட்டவுன் என்ற ஒற்றை வரியை நம்புவோரும் உண்டு. அது, ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம் மூடும்போது சர்வரை நிறுத்தும். ஆனால் ஜெட்டியின் த்ரெட்கள் இயல்பாக டீமன் (ஜேவிஎம் மூடுவதைத் தடுக்காத பின்னணி த்ரெட்) அல்ல. அவை ஓயும்வரை ஜேவிஎம் தானாக மூடாது. ஜேவிஎம் மூடட்டும் என்று சர்வரும், சர்வர் ஓயட்டும் என்று ஜேவிஎம்மும் காத்துக் கிடக்கும். சோதனையை ஓட்டும் கருவி சிஸ்டம் எக்சிட் அழைத்தால் இது வெளியே தெரியாது. சொந்த மெயினிலிருந்து ஓட்டுங்கள், முனையம் அப்படியே நிற்கும். போதாக்குறைக்கு, ஒரே ஜேவிஎம்மில் அடுத்த வகுப்பும் அதே 8080 போர்ட்டைக் கேட்டால், அது பிடிபட்டிருப்பதால் பைண்ட் எக்செப்ஷன்தான். கூடுதல் காப்பாக வைக்கலாம், ஒரே வழியாக வேண்டாம்.

மூன்றாவது வழி, மேவன் என்ற பில்டு கருவிக்கான ஜெட்டி செருகுநிரல். அது போஸ்ட் இன்டகிரேஷன் டெஸ்ட் கட்டத்தில் சர்வரை நிறுத்துகிறது. சோதனைகளை ஃபெயில்சேஃப் என்ற இன்னொரு மேவன் செருகுநிரல் ஓட்ட வேண்டும். அது தோல்வியை வெரிஃபை கட்டம்வரை தள்ளிவைக்கும். மேவனின் வழக்கமான சோதனைச் செருகுநிரலான ஷூர்ஃபயரைக் கொண்டு அங்கே ஓட்டினால், சோதனை தோற்றதுமே பில்டு முறிந்து, நிறுத்தும் கட்டம் வராமலே போகும். ஐடிஇ-யில் ஒற்றைச் சோதனையை மட்டும் ஓட்ட நினைப்பவருக்கு இது உதவாது.

என் ஓட்டு நாலாவதற்கு: ஜேயூனிட் எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்பு வகுப்பு) ஒன்றில் சர்வரை ஏற்றி, மொத்த ஓட்டத்துக்கும் பொதுவான வேர்ச் சூழலின் (root context) ஸ்டோரில், முடிவில் மூடப்படும் குளோசபிள் ரிசோர்ஸாக வைத்துவிடுவது. ஜேயூனிட் 5.13 முதல் ஜாவாவின் ஆட்டோகுளோசபிளே போதும். எல்லா வகுப்புகளுக்கும் ஒரே சர்வர். மொத்த ஓட்டமும் முடிந்ததும் ஜேயூனிட்டே மூடிவிடும். எழுதக் கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் ஒருமுறை எழுதினால் போதும்.

எதை எடுத்தாலும் போர்ட்டை 0 என்று கொடுங்கள். காலியான ஒன்றை இயங்குதளமே தரும். ஸ்டார்ட் முடிந்தபின், போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் ஜெட்டியின் கனெக்டரிடம் கெட்லோக்கல்போர்ட் கேட்டால் எண் கிடைக்கும். முன்பே கேட்டால் -1. நிறுத்தியபின் -2 வந்தால் கனெக்டர் மூடிவிட்டது என்று பொருள்.